எதிர்க் கம்பெனிக்காரர்

8 மார்ச் 1998, ஞாயிறு

கணவர் விஜயன் பினாங்குக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. அவர் சேர்ந்த கம்பெனியும் என் கம்பெனியும் ஒரே சமயத்தில் புது கிராபிக்ஸ் சிப்பை இறக்கப் பார்க்கின்றன. எது முந்துகிறதோ அதுதான் இந்த வருடக் கணினிகளில் ஏறும். அதனால் போனில் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று எங்களுக்குள் ஏற்பாடு. இதே பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், எந்த சிப் வேகம் என்று டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டவர்கள் நாங்கள். இப்போது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" — அதோடு சரி.

25 மார்ச்

சுங்கைவே ஆலையில் இன்றும் எங்கள் சிப் சோதனையின்போது சூடேறி நின்றுபோனது. யாரிடம் சொல்வது? சொன்னால் புரிகிற ஒரே ஆளிடம் சொல்லக்கூடாது.

12 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டுக்கு வந்திருக்கிறார். நண்டு சமைத்தேன். பாதிச் சாப்பாட்டில் கேட்டார்:

"உங்க சிப்பு ரொம்ப சூடாகுதாமே?"

"யாரு சொன்னா?"

"சும்மா கேட்டேன்லா."

நான் ரசம் ஊற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை.

20 மே

அவர்கள் முந்திவிட்டார்கள். பத்திரிகையில் அரைப் பக்க விளம்பரம் — சூடாகாத ஒரே சிப்பாம். உடனே போன் செய்தேன்.

"நான் எதாச்சும் சொன்னேனா உங்ககிட்ட?"

"நீ ஒன்னும் சொல்லல கலா. கேட்டதும் உன் மூஞ்சி மாறிச்சு. அதுவே போதும்."

"அதப் போயி உங்க போஸ்கிட்ட சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும்.

கட்டினவ மூஞ்சியப் பாத்தா கம்பெனிக்குச் சேதி சொல்றது?

21 மே

மேலாளர் சண்முகரத்தினத்திடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். "நான் உன்ன நம்புறேன்மா. ஆனா இந்த சிப்புல இனிமே நீ இருக்க முடியாது" என்றார். பழைய மெமரி சிப் பகுதிக்கு மாற்றிவிட்டார். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது.

7 ஜூன்

போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

28 ஜூன்

இப்போது அடிப்பதும் இல்லை.

16 ஆகஸ்ட், ஞாயிறு

எங்கள் சிப்பும் ஒருவழியாக வெளிவந்துவிட்டது. சூட்டைச் சரிசெய்தது வேறு யாரோ.

மத்தியானம் கிள்ளானில் விஜயனின் தங்கை லெட்சுமி வீட்டில் சாப்பாடு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறாள். புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமாம்.

"எந்த சிப்பு போட்டது நல்லது அண்ணி?"

"ஒங்க அண்ணன் கம்பெனியோடத வாங்கு. நல்லா செஞ்சிருக்காங்க."

லெட்சுமி சிரித்துவிட்டாள். "நேத்து அண்ணன்கிட்ட கேட்டேன். அவரு உங்களோடதத்தான் வாங்கச் சொன்னாரு. கலா உழைச்சதுன்னு சொன்னாரு."

சாப்பிட்ட கையோடு எழுந்து குழாயடிக்குப் போனேன். கை கழுவி முடித்த பிறகும் தண்ணீரை நிறுத்தவில்லை.