தெர்ஸாவில் கார் ஏறாது

கூர் நகரம்,
ஆகஸ்ட் 2, 2023

அன்புத் தங்கை லதீனாவுக்கு,

நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை. பத்தொன்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனை நீ எடுக்க மாட்டாய் என்பதால்தான் எழுதுகிறேன். இது எனக்காக இல்லை, நேசாவுக்காக.

போன கோடையில் அவள் உன்னிடம் வரவில்லை. வேலை என்று சொன்னாளாம். வேலை இல்லை, நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். முதலில் இடது கால், பிறகு வலது, இப்போது கைகள். பேச்சு மட்டும் மெதுவாக மிஞ்சியிருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே உனக்குத் தோழியாக இருந்தவள், வருடம் தவறாமல் சைக்கிளில் இருபுறமும் பை கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தவள், இன்று கரண்டி பிடிக்க முடியாமல் இருக்கிறாள். பனிக்காலத்தைத் தாண்டுவாளா என்று கேட்டால் மருத்துவர் பேச்சை மாற்றுகிறார்.

தெர்ஸா பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள புல்வெளியை ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவும் உன்னோடு பார்க்க வேண்டும் என்கிறாள். பூங்கா அலுவலகத்தில் கேட்டேன். நோயாளிக்கு ஒரு நாள் கார் அனுமதி உண்டாம். பாதைக் காவலர் கையெழுத்து வேண்டுமாம். காவலர் நீதானே. எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸ் பார்ப்லா, உங்கள் ஊர்ப் பெண், அவள் காரை ஓட்டுவாள். நான் வர மாட்டேன்.

ஒரு கையெழுத்து போடம்மா.

உன் அண்ணன்,
யாகென்


சுர்வால்,
ஆகஸ்ட் 9, 2023

திரு. யாகென் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

தெர்ஸாவில் கார் ஏறாது. உங்கள் கார் என்றில்லை, எந்தக் காரும். ஊர் மன்றத்தில் அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு என்று ஜெயித்த தீர்மானம் அது. அந்த மூன்று ஓட்டுக்காக நான் எத்தனை வீட்டுப் படி ஏறினேன் என்று ஊருக்குத் தெரியும். என் கணவன் தூரி சைக்கிளில் இறங்கி வந்த அந்த வளைவில் இனி ஒரு காரும் திரும்பக் கூடாது என்றுதான் ஏறினேன். பதினைந்து வருடம் பஸ் ஓட்டிய உங்கள் கண்ணுக்கே எதிரே வந்த சைக்கிள் தெரியவில்லை. வேறு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

நேசாவைப் பற்றிப் படித்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்னிடம் மறைத்தாள்? தூரி போன பிறகு என்னைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டி, எழுப்பி நிறுத்தியவள் அவள். உங்கள் மனைவி என்பதை மறந்துதான் அவளிடம் பிரியம் வைத்திருக்கிறேன்.

கையெழுத்து போட மாட்டேன். ஆனால் என்னிடம் ஒரு சரக்கு சைக்கிள் இருக்கிறது. முன்னால் பெரிய பெட்டி. ஏற்றத்தில் மோட்டார் கைகொடுக்கும். மழை அரித்த இடங்களுக்கு ஜல்லியும், வழிகாட்டிப் பலகைகளும் அதில்தான் போகும். கழுவி மெத்தை போட்டு வைக்கிறேன். தடுப்புக்கட்டை வரை பார்ப்லா கொண்டுவரட்டும். அதற்கு மேல் பதினான்கு கிலோமீட்டரும் என் பொறுப்பு.

நீங்கள் வர வேண்டாம்.

லதீனா


கூர்,
ஆகஸ்ட் 16, 2023

அன்பு லதீனா,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ஜல்லி வண்டியிலயா? கல்யாண ஊர்வலம் மாதிரி போவேன், பாருங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

செப்டம்பர் 6 புதன்கிழமை வருவார்கள். கழுத்துக்குப் பின்னால் தலையணை வை. சூப்பைக் கெட்டியாக, அரைக் கரண்டியாகக் கொடு. தண்ணீராக இருந்தால் புரை ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள். சளி பிடித்தால் இருமித் துப்ப அவளுக்குப் பலமில்லை.

நீ என்னைத் திட்டியிருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

யாகென்


சுர்வால்,
செப்டம்பர் 8, 2023

யாகென்,

நீ இதைப் படிக்கும்போது பக்கத்தில் நேசா இருந்தால் வேறு அறைக்குப் போ.

புதன்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. நேசாவைத் தூக்கிப் பெட்டியில் உட்காரவைத்தேன். பஞ்சு மூட்டைபோல இருந்தாள். முதல் ஏற்றத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்: "ஏண்டி, எனக்கே இப்படி மூச்சு வாங்குறே? ஜல்லி இதைவிட லேசா?" வழியில் நிறுத்தி இளைப்பாறிக்கொண்டிருந்த ஹாலந்துத் தம்பதி, இன்னும் எவ்வளவு ஏற்றம் என்று கேட்டார்கள். "ரொம்பக் கொஞ்சம்தான்னு சொல்லுவா, நம்பாதீங்க" என்று நான் வாயெடுக்கும் முன்பே சொன்னாள். அவர்கள் மணியடித்துக்கொண்டு முன்னே போனார்கள். வளைவு வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். என் தூரிக்காக என்று நினைத்தேன்.

புல்வெளியில் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தினேன். பார்லி சூப் நாலைந்து வாய் குடித்தாள். பிறகு சொன்னாள்:

"லதீனா, அன்னைக்குக் காரை ஓட்டினது நான்டி."

எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னாள்.

"லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம். வெயில் கண்ணுல அடிச்சுது. தூரியைப் பார்க்கவே இல்ல. உங்க அண்ணன் என்னை இந்தப் பக்கம் தள்ளிட்டு, ஸ்டியரிங் பக்கம் போய் உக்காந்துட்டார். போலீஸ் வந்தப்ப 'நான்தான் ஓட்டினேன்'னு அவர் சொல்லிட்டார். நான் வாயைத் திறக்கல. வருஷா வருஷம் உன்கிட்ட சொல்லணும்னுதான் இவ்வளவு தூரம் மிதிச்சு வருவேன். நீ ஓடி வந்து கட்டிப்பே. முழுங்கிட்டுத் திரும்பிப் போயிடுவேன்."

நான் எழுந்து நடந்தேன், யாகென். எங்கே என்று பார்க்கவில்லை. "நில்லுடி" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நிற்கவில்லை. பனியாறு தொடங்கும் இடம் வரை போய்ப் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. போர்வை அவள் காலடியில் கிடந்தது. இழுத்துப் போர்த்திக்கொள்ள அவளால் முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான்.

போர்த்திவிட்டேன். பதினான்கு கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்ப்லாவிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

வேலை போய், ஊர் போய், நீ ஏன் இந்தப் பொய்யைச் சொன்னாய்? எனக்குப் பதில் வேண்டும்.

லதீனா


கூர்,
செப்டம்பர் 27, 2023

அன்பு லதீனா,

நேசா இருபதாம் தேதி மதியம் போய்விட்டாள். நீ வர வேண்டியிருக்கும், வர முடியாமலும் இருக்கும் என்றுதான் அடக்கம் முடிந்தபின் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்குப் பதில். அந்த நிமிடத்தில் நான் ஒன்றுதான் யோசித்தேன். நீ விதவையாகி ரோட்டில் நிற்கப்போகிறாய். உன்னைத் தாங்க ஒரு ஆள் வேண்டும். அண்ணன் என்றால் என்றாவது ஒருநாள் மன்னிப்பாய், தோழியை மன்னிக்க மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். தப்புக் கணக்கு. ஆனால் அந்த வருடங்களில் உனக்கு அவள் இருந்தாள் அல்லவா? அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இன்னொன்று. புல்வெளியில் நீ விட்டுப்போனதற்கும் அவள் போனதற்கும் சம்பந்தமே இல்லை. காய்ச்சல்கூட வரவில்லை. நோய் மூச்சுத் தசையைத் தொட்டுவிட்டது, தூக்கத்திலேயே அடங்கிவிட்டாள். மருத்துவரே சொன்னார். அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

யாகென்


சுர்வால்,
அக்டோபர் 26, 2023

அன்புள்ள அண்ணா,

பார்ப்லா போன ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் போய்க் கேட்டேன். மறைக்கப் பார்த்தாள், விடவில்லை.

வந்த அன்று மாலையே காய்ச்சல். மூன்றாம் நாள் நெஞ்சு முழுக்கச் சளி. அதற்குப் பிறகு அவள் ஒரு முழு மூச்சு விடவில்லை. இரண்டு வாரம் நீ அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய்.

மறுபடியும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய் அண்ணா.

பார்ப்லா இன்னொன்றும் சொன்னாள். என் கடிதம் வந்ததும், "எனக்கு ஏதாவது எழுதியிருக்காளா?" என்று நேசா உன்னிடம் கேட்டாளாம். நீ காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "கோபம் ஆறினதும் வந்து பார்க்கிறேன், நேசாவைச் சாப்பிடச் சொல்" என்று வாசித்தாயாம். அவள் கண்ணை மூடிச் சிரித்தாளாம். நான் அப்படி ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருக்கலாம். காகிதத்தில் இடம் இருந்தது.

அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. காலையில் மன்னிக்கிறேன், ஜல்லி கொட்டி முடிப்பதற்குள் மனம் திரும்பிவிடுகிறது. ஆனால் வாயைத் திறக்காமல் வருடா வருடம் ஒருத்தி எப்படி வந்து போனாள் என்பது இந்த நாலு நாளில் எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் ரொட்டி வாங்கும்போது யாராவது நேசாவைப் பற்றி விசாரித்தால், நோய் முற்றிவிட்டது என்கிறேன். எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஒருவனே எல்லாவற்றையும் சுமந்தது போதும். இது என்னுடையது. என்னிடம் கொடுத்துவிடு. என் முகத்தைப் பார்த்து, "ஆமா, நீ விட்டுட்டுப் போனதாலதான்" என்று ஒரு தடவை சொல். அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழலாம். அவளைத் தெரிந்து அழ எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

மேலே முதல் பனி விழுந்துவிட்டது. பாதையில் சைக்கிள்காரர்கள் யாரும் இல்லை. இந்த மாதம் முப்பதாம் தேதி நான் பாதையை மூட வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை. தடுப்புக்கட்டை வரை பஸ் வரும். அங்கே நிற்கிறேன். வளைவைத் தாண்ட உன்னால் முடியாவிட்டால் அதுவரை நடந்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

எந்த நாள் என்று மட்டும் எழுது. நீ வந்து போகும்வரை மூட மாட்டேன்.

உன் தங்கை,
லதீனா