ரத்தத்தில் இல்லாதது

3 ஜூலை 2025, வியாழன்

தொடையில் தையல் பிரித்தார்கள். சதையை வெட்டி எடுத்த இடம் இன்னும் மரத்தாற்போல இருக்கிறது. சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஜெயப்ரியா தினமும் எழுதச் சொன்னார். இமை எப்போது இறங்குகிறது, எத்தனை படி ஏறினால் கால் சோர்கிறது, எல்லாம். அதற்குத்தான் இந்த நோட்டு. மகள் பிரியதர்ஷினியின் கல்லூரி நோட்டு, பாதிக்கு மேல் காலி.

இன்று: பதினோரு மணிக்கு மேல் இரண்டு இமையும் இறங்கிவிட்டன. தலையை அண்ணாந்துதான் மனைவி கலாவதியைப் பார்க்க முடிந்தது. "இன்னாங்க, ஃபேனைப் பாத்துக்கினு பேசறீங்க" என்றாள்.

வண்டியைத் தொட்டு இரண்டு மாதம். பதினெட்டு வருஷம் ஒரகடம் கம்பெனி பஸ் ஓட்டியவன். ஏப்ரலில், வேலைக்கு வரும் பெண்கள் புகார் கொடுத்தார்கள், டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார் என்று. கான்ட்ராக்டர் வீரபத்திரன் என் வாயருகே வந்து மோந்து பார்த்தார். நான் குடித்ததே இல்லை. அந்தப் பெண்கள் மேல் கோபம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே தூங்குகிற ஆள் மாதிரிதான் தெரிகிறேன்.

8 ஜூலை, செவ்வாய்

ரிப்போர்ட் வரவில்லை. பஸ் படி மூன்றுதான், அதற்கே கால் கெஞ்சியது.

15 ஜூலை, செவ்வாய்

வந்துவிட்டது. இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். மகள் பிரியாதான் படித்துச் சொன்னாள்.

"ரேகெட் ரெட் ஃபைபர்னு போட்டிருக்குதுப்பா."

"ராக்கெட்டா?"

"இல்லப்பா. ரேகெட். ஓரம் நைஞ்சு போனதுன்னு அர்த்தம். சாயம் போட்டுப் பாத்தா சிவப்பா, நைஞ்ச மாதிரி தெரியற தசை நாரு."

நூறு நாரில் நாலு அப்படி இருக்கிறதாம். வீக்கம் இல்லையாம். கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள்: மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்ட தசை நோயாக இருக்கலாம், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்.

"இருக்கலாம்னா? இருக்குதா, இல்லியா?"

பிரியா மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். "தெரிலப்பா."

16 ஜூலை, புதன்

மருந்துக்கடை பூவராகவனிடம் காட்டினேன். "நாலு தானே? மீதி தொண்ணூத்தாறு நல்லா இருக்குதேப்பா. போய் வண்டி எடு" என்றான். தொண்ணூற்றாறு நன்றாக இருந்தால் பால் பாக்கெட் தூக்கினால் ஏன் கை நடுங்குகிறது?

பிரியா செல்போனில் தேடினாள். பாதியில் மூடிவிட்டாள். என்னம்மா போட்டிருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, சார்ஜ் போயிடுச்சு."

சார்ஜ் இருந்தது. நான் பார்த்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

சென்னை போய் வந்தேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பஸ்ஸில் வருவதற்குள் பாதி மறந்துவிட்டது, மீதியை எழுதி வைக்கிறேன்.

உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்பு மாதிரி நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். சாப்பிட்டதைச் சக்தியாக்குவது அவைதான். அதன் பெயர்தான் மைட்டோகாண்ட்ரியா. அடுப்பு சரியாக எரியாவிட்டால், அந்த நார் ஈடு கட்ட இன்னும் இன்னும் அடுப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். அது ஓரத்தில் குவிந்து சிவப்பாகத் தெரியும். கண் தசைக்குச் சக்தி அதிகம் வேண்டும், அதனால் முதலில் இமைதான் விழும்.

"நாலு பர்சென்ட் கம்மி தானேம்மா?"

"அறுபது, எழுபது வயசுன்னா ஒண்ணு ரெண்டு யாருக்கும் இருக்கும். நாப்பத்தாறு வயசுல நாலுன்னா ஜாஸ்தி. ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, ஆதிகேசவன். மரபணு டெஸ்ட் ஒண்ணு பாத்துடலாம்."

ரிப்போர்ட் டாக்டரைக் கேள் என்கிறது. டாக்டர் இன்னொரு ரிப்போர்ட்டைக் கேட்போம் என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன்.

மரபணு என்றால் பரம்பரை. அந்த வார்த்தைக்கு அப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

23 ஜூலை, புதன்

பிரியா படித்துக்கொண்டிருந்தாள். அவள் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கொஞ்சம் இறங்கியிருக்கிறதா? "இன்னாப்பா அப்படிப் பாக்கறே?" என்றாள்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. எதுவும் இல்லை! தேடிய கோளாறு ரத்தத்தில் காணப்படவில்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. இந்த ஒரு வரி எனக்கே புரிந்தது. கலாவதி காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். வீரபத்திரனுக்குப் போன் போட்டேன். லெட்டர் கொண்டு வா, திங்கட்கிழமை வண்டி எடு என்றார்.

27 ஆகஸ்ட், புதன்

லெட்டர் கேட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வண்டி ஓட்டவே கூடாது என்கிறார். ரத்தத்தில் இல்லாவிட்டாலும் சதையில் இருக்கலாமாம். "ரத்தம் புதுசு புதுசா ஊறிக்கினே இருக்குது, கோளாறான செல்லு வருஷக் கணக்குல கழிஞ்சு போயிடும். தசை அப்படி இல்ல, இருக்கறது அதுலயே தங்கிடும். அன்னிக்கு எடுத்த சதையில மிச்சம் வெச்சிருக்கோம், அதுல பாக்கச் சொல்றேன்."

அப்ப நேத்து வந்த ரிப்போர்ட் பொய்யா? பொய் இல்லியாம். சரியாம். ஆனா அது பதில் இல்லியாம். ஒண்ணும் புரியல.

23 செப்டம்பர், செவ்வாய்

சதையில் இருக்கிறது. அடுப்புகளில் ஐம்பத்தெட்டு சதவீதம் கோளாறாம்.

குணமாக்க மருந்து கிடையாது, ஆனால் இதயம், சர்க்கரை, காது எல்லாவற்றையும் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் ரொம்ப நாள் நன்றாக ஓடும் என்றார் டாக்டரம்மா. இமையைத் தாங்க மூக்குக் கண்ணாடியில் சின்னக் கம்பி வைத்துத் தருவார்களாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "என் பொண்ணுக்கு?"

"வராது. இது அம்மா வழியில மட்டும்தான் குழந்தைங்களுக்குப் போகும். அப்பா கிட்டருந்து போகாது. உங்க கிட்ட வந்தது உங்களோட முடிஞ்சுது."

அங்கேயே அழுதுவிட்டேன். எனக்கு நோய் இருக்கிறது என்று சொன்ன நாளில் இப்படிச் சந்தோஷப்படுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண்ணைத் துடைக்க டாக்டரம்மா பஞ்சு எடுத்துக் கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"உங்க அம்மாவுக்கு ஏதாச்சும் இருந்துதா?"

அம்மா போய் ஆறு வருஷம். நாற்பது வயதிலேயே சர்க்கரை. ஐம்பதில் காது சுத்தமாகப் போய்விட்டது. சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி, ரேணுகாம்பாள். வாலாஜாபாத்ல இருக்குது."

"அவங்களுக்குக் குழந்தைங்க?"

சுகாசினி. இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாக அவளுக்கு வலிப்பு. வரன் பார்க்கிறார்கள் என்பதால் வெளியில் வெயில் மயக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலிப்பு மாத்திரையில் ஒரு வகை இந்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாதாம், ஈரலைக் கெடுத்துவிடுமாம். என்ன மாத்திரை என்று தெரிந்தே ஆக வேண்டும், அவளாக நிறுத்தவும் கூடாது, உடனே அழைத்து வாருங்கள் என்றார்.

என் பெண் தப்பித்தாள் என்று அழுத ஈரம் கூடக் காயவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

வாலாஜாபாத். ரேணு காபி கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் சீனிவாசன் ரைஸ் மில்லுக்குப் போயிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தேன். சதை, அடுப்பு, சிவப்பு நார். எனக்கே பாதி புரியாததை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? கடைசியில் நேராகச் சொல்லிவிட்டேன். "அம்மா கிட்டருந்து நமக்கு வந்திருக்குது, ரேணு. உன் கிட்டருந்து சுகாவுக்கு."

"செத்துப்போன அம்மா மேல பழி போடறியா, அண்ணா?"

"பழி இல்லம்மா. டாக்டர்..."

"உன் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. என் பொண்ணுக்கு மட்டும் வியாதி. அப்படித்தானே? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அடுத்த வாரம் வராங்க. இந்தப் பேச்சோட இனிமே இந்தப் பக்கம் வராதே."

மாத்திரை பெயரை மட்டுமாவது சொல் என்றேன். உள்ளே போய்விட்டாள். சுகா கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ.

நான் சொன்னது தப்பா? சொன்ன விதம் தப்பா? சொல்லாமல் இருந்தால்?

29 செப்டம்பர், திங்கள்

கண்ணாடி வந்தது. கம்பி இமையில் உறுத்துகிறது. ஆனால் எதிரில் வருகிறவர் முகம் முழுசாகத் தெரிகிறது.

9 அக்டோபர், வியாழன்

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். சுகாசினி, தனியாக. துப்பட்டா முனையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதுதான் மாமா சாப்பிடறேன். ஒரு மாசமா சோத்தைப் பாத்தாலே குமட்டுது. அம்மா கிட்ட ஃபிரெண்ட் வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

பிரியா அட்டையைப் படம் பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். அந்த மாத்திரைதான்.

10 அக்டோபர், வெள்ளி

சுகாவோடு சென்னை. சேர்த்துக்கொண்டார்கள். ஈரல் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது, நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. மாத்திரை மாற்றினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சீனிவாசனுக்குப் போன் செய்தேன். "நான் வரேன், மச்சான்" என்றார். வந்தார். ரேணு வரவில்லை.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

ரேணு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சுகா மட்டும் போனில் வாழ்த்து சொன்னாள்.

18 நவம்பர், செவ்வாய்

சுகாவின் சிறுநீர் டெஸ்டில் அதே கோளாறு. ரத்தத்தை விட இதில் நன்றாகத் தெரியுமாம். அதுவும் எனக்குப் புரியவில்லை, கேட்பதை விட்டுவிட்டேன். ஈரல் சரியாகிவிட்டது, ஐந்து வாரமாக வலிப்பு இல்லை. வரன் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் விஷயத்தைச் சுகாவே சொன்னாளாம்.

வீரபத்திரன் ஷெட்டில் டிரிப் ஷீட் எழுதும் வேலை கொடுத்திருக்கிறார். உட்கார்ந்த வேலை. சரி என்றேன்.

1 டிசம்பர், திங்கள்

ரேணு போன் செய்தாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம். எப்படி இருக்கிறாய் என்று கூடக் கேட்கவில்லை. "அண்ணா, ஒரு மாசமா இடது காது சரியா கேக்கல. நான் யாரு கிட்டயும் சொல்லல" என்றாள்.

"நாளைக்கு டாக்டரம்மாவுக்கு ஓ.பி. இருக்குது" என்றேன்.

2 டிசம்பர், செவ்வாய்

சென்னைக்கு நான் ஏறி வந்த காலை ரயிலில் வாலாஜாபாத்தில் ரேணு ஏறினாள். எதிர் சீட் காலியாக இருந்தது. பார்த்தாள், ஆனால் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள், கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி.

"இப்ப சொல்லு, அண்ணா. அன்னிக்குச் சொன்னியே, அடுப்புன்னு. மொதல்லருந்து சொல்லு."