முத்தையாவின் படம்

1943 ஆகஸ்ட், செவ்வாய்.

கப்பலேறி இங்கே வந்த நாள் முதல், தெருவில் பார்க்கும் சாதாரண மனிதர்களைப் படமெடுத்து ஆல்பத்தில் சேர்த்து வந்தேன். போன வாரம் ஜப்பான்காரர்கள் அதை நெகட்டிவ்களோடு கொண்டுபோனார்கள். அவர்கள் ஆள்பிடித்து அனுப்பும் சயாம் ரயில் வேலைக்குப் பயந்து கிளேபாங் கடலோரக் கிராமத்தில் ஒளிந்திருந்த மாட்டுவண்டிக்கார முத்தையாவை, அதிலிருந்த படத்தை வைத்தே இன்று அடையாளம் கண்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் அவன் மனைவி செல்லம்மா காஜா பெராங் தெருவில் இருக்கும் என் போட்டோக் கடைக்கு வந்தாள். திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றேன்.

"அண்ணே, அந்தப் படம் இன்னொண்ணு இருக்கா? வயித்துல இருக்கிற புள்ளைக்கு அப்பன் மூஞ்சியக் காட்டணும்."

"இல்லம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அப்ப, அவரு வந்ததும் ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணே."

சரி என்றேன். சயாம் போனவர்கள் யாரும் இதுவரை திரும்பவில்லை என்று இருவருக்கும் தெரியும்.