கெண்டியின் மூக்கை உடைக்க வேண்டாம்

அனுப்புநர்
ச. அமுதவள்ளி,
மூலை டீக்கடை, மணிமுத்தாறு வணிக வளாகம்,
விருத்தாசலம்.

பெறுநர்
நிர்வாக அலுவலர் அவர்கள்,
மணிமுத்தாறு வணிக வளாகம்,
விருத்தாசலம்.

பொருள்: எங்கள் கடைக் கெண்டியின் மூக்கைத் ‘துருத்தும் பகுதி’ என்று உடைக்கச் சொன்ன உத்தரவை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க. கெண்டி சூளையிலிருந்து முழுசாக வந்த சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன். நானும் கொளஞ்சியம்மாளும் வேல்விழியும் இத்தனை காலம் அடுத்தவர் பட்டறைகளில் பீங்கான் கோப்பைக்குக் காது ஒட்டியவர்கள். எங்களுக்கென்று செய்ததில் தேறிய முதல் பொருள் இது. இடுப்பு உயரம். உள்ளே டீயை நிரப்பினால் மூக்கு வழியாக வாடிக்கையாளர் கிளாசில் விழும். வெள்ளிக்கிழமை கடை திறப்பு.

2. தங்கள் மேற்பார்வையாளர் சாமிதுரை அவர்கள், மூக்கு வாசலைத் தாண்டி நாலு விரல் துருத்துவதாகச் சொன்னார். உண்மைதான். மண் வேகும்போது சுருங்கும் என்று கூட்டிச் செய்தோம். நினைத்த அளவுக்குச் சுருங்கவில்லை. பின்னால் தள்ளினால் அடுப்பு இடிக்கிறது. கெண்டியைத் திருப்பி வைத்தோம். கைப்பிடிக் காது துருத்துகிறது என்றார். பக்கவாட்டில் வைத்தோம், மூக்கு தன் கடைக்குள் எட்டிப் பார்ப்பதாகப் பக்கத்துச் செல்போன் கடை ஆனந்தராஜ் புகார் சொன்னார். கடைசியில், திறப்புக்கு முன் மூக்கைத் தட்டி எடுத்துவிட உத்தரவு. “மூக்க ஒடச்சிட்டா அது வெறும் பானதானங்க” என்று கொளஞ்சியம்மாள் கேட்டும் உத்தரவு மாறவில்லை.

3. ஐயா, நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் வேண்டாதது என்றால் எங்கே போய் நிறுத்துவது? பாலாடைக்கு மூக்கு இல்லாவிட்டால் பால் குழந்தையின் கழுத்தில் வழியும். மூக்குக்கடலையை ஊறவைத்தால் அந்த மூக்குப் பக்கம்தான் முளை விடும். மாட்டு வண்டியில் நுகத்தடி கட்டும் முன்பக்கத்துக்குப் பெயர் மூக்கணை. அதை அறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கிளிமூக்கு மாங்காயைக்கூட மூக்கைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். எங்கள் பேச்சில், ஒரு பொருளின் வேலை நடக்கிற இடத்துக்கு மூக்கு என்று பெயர்.

4. மண் பாதி காய்ந்த பதத்தில்தான் மூக்கை ஒட்ட வேண்டும். முதலில் செய்த கெண்டிகளில் பதம் தப்பி, சூளைக்குள்ளேயே மூக்கு கழன்று விழுந்தது. வேல்விழி அழுதே விட்டாள். இது ஒன்றில்தான் மூக்கு பிடித்து நின்றது. வெந்த மண்ணில் மறுபடி மண் ஒட்டாது. உடைத்த பிறகு தாங்கள் மனமிரங்கினாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

5. ஆகவே உத்தரவை நிறுத்திவைத்து, வியாபார நேரத்தில் மட்டும் அந்த நாலு விரலை எங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுகிறோம். அடுப்பு அணைந்ததும் அதை ஓரம் தள்ளிவிட்டுக் கெண்டியை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். சக்கரப் பலகை தயார். முதல் டீயை யாருக்கும் ஊற்றாமல் தங்களுக்கென்று வைத்திருக்கிறோம். வாசலில் நின்று கிளாசை நீட்டிப் பாருங்கள். அந்த நாலு விரல் இல்லாவிட்டால் டீ தங்கள் கிளாசில் விழாது, எங்கள் மேடையில்தான் விழும்.

வெள்ளிக்கிழமை தங்களை எதிர்பார்த்து,
கெண்டி செய்த மூவருக்காக,
ச. அமுதவள்ளி

இடம்: விருத்தாசலம்
நாள்: 10.06.2025