நான் ஏற்றிய போர்த்துக்கல் கொடி

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் உன்னுடைய நாடு வென்றுவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொளுவி றேடியோச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். மணலில் ஆடும் உதைபந்தாட்டத்தில் உலகக் கிண்ணம் இந்த முறை போர்த்துக்கலுக்காம். பிரேசில் கடைசி ஆட்டத்துக்குக்கூட வரவில்லையாம். நான் துள்ளி எழும்பினேன். பெடல் நின்றது, றேடியோவும் நின்றது. எத்தனைக்கு எத்தனை என்பது காற்றோடு போய்விட்டது. "மச்சான், நாங்கள் வெண்டிட்டம்!" என்று கத்திக்கொண்டு உன் வீட்டுப் படலை வரைக்கும் ஓடிவிட்டேன். படலையில் கை வைத்த பிறகுதான், நீ போய் நாலு மாதமாகிறது என்பது நினைவுக்கு வந்தது.

உன் மனிசி திரேசா முற்றத்தில் நின்றவள் என்னைப் பார்த்து, "என்னண்ணை, ஆருக்கு என்ன?" என்று பதறினாள். "ஒண்டுமில்லைத் தங்கச்சி, போர்த்துக்கல் வெண்டிட்டுது" என்றேன். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன். வந்து குந்தியிருந்து இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். ஏழுக்குப் போயிருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பெருமையாய் இருந்திருக்கும் என்று நானே உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆகவே எழுத்துப் பிழை பார்க்காதே. இதில் உள்ள மற்றப் பிழையைப் பார்.

நாங்கள் கடற்கரையில் இருந்த காலம். இதே றேடியோதான் முதன்முதலில் அந்தச் செய்தியைச் சொன்னது. வெளிநாடுகளில் இப்போது நாட்டுக்கு நாடு கடற்கரை மணலில் பந்தடிக்கிறார்கள், பக்கத்துக்கு ஐந்து பேர், வெறுங்கால் என்று. நான் அடுத்த நாளே கரைவலை இழுக்கிற இடத்தில் நின்று எல்லோருக்கும் அறிவித்தேன்: "கேட்டீங்களோ, எங்களைப் பார்த்துத்தான் படிச்சிருக்கிறாங்கள்!" வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கயிறு இழுக்கும் நேரம் வரும்வரை நாங்கள் ஐந்தைந்து பேராக மணலில் பந்தடித்தது எத்தனை வருடம்! பிரேசில்காரன் ஒருவன் கப்பலில் போகும்போது என் இடதுகால் அடியைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் அங்கே சொல்லியிருக்கிறான் என்றும் சொன்னேன். நீ கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "எந்தக் கப்பல்?" என்று கேட்டாய். "கறுப்புக் கப்பல்" என்றேன். "அப்ப சரி" என்றாய்.

உன்னோடு கதைப்பதில் எனக்கிருந்த சுகம் அதுதான். நீ ஒருநாளும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை. "நீ சொல்லுறதில பாதியைக் கடலில போட்டிட்டு மிச்சத்தைக் கரைக்குக் கொண்டு வாறனான்" என்பாய்.

அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில்தான் நான் சர்வதேசப் போட்டி வைத்தேன். பக்கத்துக் கரைக்காரர் பிரேசில் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் முந்திவிட்டதால் நான் போர்த்துக்கலை எடுத்தேன். "எங்கட குசினியும் கதிரையும் அலுமாரியும் அவங்கட பேச்சு. ஞானஸ்நானப் பெயரும் அவங்கட பெயர். நாங்கள் பாதிப் போர்த்துக்கீசர்தானே" என்றேன். நீ கோல் காப்பவன். உன் கை இரண்டும் விரித்தால் கம்பிலிருந்து கம்புக்கு எட்டும் என்று பிரேசில்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் வருகிற எல்லோருக்கும் பாரைமீன் குழம்பும் சோறும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆட்ட நாள் காலை குழம்புக்கு மீன் இல்லை. "என்னடா செய்யப்போறாய்?" என்று கேட்டாய். நான் தலையைச் சொறிந்தேன். நீ கட்டுமரத்தைத் தள்ளினாய். எஞ்சினுக்கு எண்ணெய் கிடையாத நாட்கள், பாய்தான். "வெயில் சாயமுன்னம் வந்திடுவன். பிரேசிலைக் கொஞ்சம் இருத்தி வை" என்று சொல்லிவிட்டுப் போனாய். என் வாயால் நீ கடலுக்குப் போன நாள் அது. அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

நீ வருவதற்குள் உனக்கு ஒரு புதினம் காட்ட நினைத்தேன். ஒரு கிழமையாக நான் ஒருவருக்கும் சொல்லாமல் ஒளித்து ஒளித்து ஒரு கொடி தைத்திருந்தேன். மகளின் பழைய புத்தகத்தில் நாடுகளின் கொடிகள் இருந்தன. கோயில் திருநாளுக்குக் கட்டி மிஞ்சிய சிவப்புத் துணி, நான் உடுத்துகிற பச்சைச் சாரத்தில் ஒரு துண்டு, நடுவில் மஞ்சளில் வெட்டிய ஒரு வட்டம். கிழிந்த வலை பொத்துகிற கைக்குத் தையல் பெரிய காரியமா? போர்த்துக்கலில் உள்ளவனே பார்த்தால் விலைக்குக் கேட்பான். மத்தியானம் கரையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அந்த நெடிய கம்பில் கட்டி ஏற்றினேன். காற்றில் படபடவென்று விரிந்தது. நான் இரண்டு அடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தேன்.

மச்சான், பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் கிடந்தவன் நான். அந்தக் கம்பு எதற்கு அங்கே நட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? வெள்ளை ஏறினால் கடலில் நிற்பவன் வரலாம். சிவப்பு ஏறினால் கரைப்பக்கம் நேவியோ வேறு ஆபத்தோ, வரக்கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால் என் கண்ணுக்கு அது கொடியாகத்தான் தெரிந்தது. சிவப்பாகத் தெரியவே இல்லை.

தூரத்தில் உன் பாய் தெரிந்தது. நேராக வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. பிறகு திரும்பியது. மீன் கூட்டத்தைக் கண்டுவிட்டாய், குழம்புக்குப் பஞ்சமில்லை என்று நான் கையைத் தட்டினேன். பாய் இறங்கியது. ஒரு புள்ளி மட்டும் தண்ணீரில் ஏறி இறங்கியது. அப்போது எனக்குப் பின்னால் குடிசைகளில் சத்தம் கேட்டது. பெண்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பங்கர்க் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் வந்துகொண்டிருந்த பிரேசில் அப்படியே சைக்கிளைப் போட்டுவிட்டுப் பனைகளுக்குள் பாய்ந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் சிவப்பைக் கண்டேன்.

அந்த நிமிடமே இறக்கியிருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. கயிற்றில் கை வைத்துவிட்டேன். அதற்குள் திரேசா ஓடி வந்துவிட்டாள். தலைமயிர் அவிழ்ந்து, மூச்சு இழுத்து, "அண்ணை, என்ன கண்டனீங்கள்? அவர் இன்னும் வரேல்லை" என்றாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பந்தடிக்க ஏற்றின கொடி என்று எப்படிச் சொல்வது? என் வாய் தானாகத் திறந்தது. "நேவிப் படகு ஒண்டு. வடக்குப் பக்கம். நான்தான் கண்டனான்" என்றேன்.

சொன்ன பிறகு இறக்க முடியவில்லை. இப்போதுதான் கண்ட படகு இப்போதே எப்படிப் போகும்? கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க நீ அந்தச் சிவப்பை நம்பி வெளியே நின்றாய்.

சோளகம் எழும்பிவிட்டது. தரையிலிருந்து கடலுக்கு இழுக்கிற காற்று. உன் புள்ளி சிறுத்துக்கொண்டே போனது. நீ துடுப்பால் வலித்து வலித்து ஒரே இடத்தில் நிற்கப் பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். திரேசா மணலில் முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டினாள். இடையிடையே, "அண்ணை, படகு போட்டுதே?" என்று கேட்டாள். "நிக்குது, நிக்குது" என்றேன். இல்லாத படகுக்கு நான் ஆட்கணக்கும் சொன்னேன், நிறமும் சொன்னேன். நாக்கு ஓடியது. பாதங்கள் சுட்டன, விலகி நிற்கத் தோன்றவில்லை.

ஒருமுறை உன் புள்ளி இறங்கியது, ஏறவில்லை. நான் எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். ஏறவில்லை. "அவரைக் காணேல்லை!" என்று திரேசா எழும்பினாள். அப்போதுதான் என் பொய் அறுந்தது. "படகு போட்டுது!" என்று கத்திக்கொண்டு கொடியை இழுத்து இறக்கினேன். அதைச் சுருட்டி, கரையில் கவிழ்த்துக் கிடந்த வள்ளத்துக்குக் கீழே செருகினேன். இனி வெள்ளை வேண்டும். வெள்ளைச் சீலை எங்கே? எனக்கு முன்னால் நின்றார் எங்கள் பங்குச் சுவாமி. நடுவராக விசில் ஊத வந்தவர், பூசை அங்கியோடே வந்திருந்தார்.

"சுவாமி, குறை நினையாதேங்கோ, அங்கியைக் கழட்டித் தாங்கோ."

"என்னடாப்பா சொல்லுறாய்?"

"வெள்ளை இல்லைச் சுவாமி! ஆள் போகப்போகுது!"

நல்ல மனிசன். அடுத்த கேள்வி கேட்கவில்லை. கழற்றித் தந்துவிட்டுக் காற்சட்டையும் பெனியனுமாக நின்றார், கழுத்தில் விசிலோடு. அங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கம்பின் உச்சிக்குப் போனது. நாங்கள் எல்லாரும் கடலையே பார்த்தோம். நெடு நேரத்துக்குப் பிறகு ஒரு புள்ளி ஏறியது. பிறகு ஒரு பாய்.

நீ கரையில் ஏறியபோது உள்ளங்கை இரண்டும் உரிந்து இரத்தம். முதலில் கட்டுமரத்தில் கிடந்த பாரையைக் காட்டி, "குழம்புக்கு இவ்வளவும் காணுமே?" என்றாய். பிறகு கம்பை அண்ணாந்து பார்த்து, "சுவாமியைத் தூக்கில போட்டிட்டாங்கள் எண்டு நினைச்சு விழுந்தடிச்சு வாறன்" என்றாய். கரை முழுக்கச் சிரித்தது. சுவாமியும் சிரித்தார். யாரோ ஒருவர், "இவர்தான் படகைக் கண்டு சிவப்பு ஏத்தினவர், இல்லாட்டி நீர் நேரே அவங்கட வாயுக்க போயிருப்பீர்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். "அப்பிடியே மச்சான்?" என்றாய். நான் தலையாட்டினேன். நீ இரத்தக் கையால் என் தோளைப் பிடித்தாய்.

ஆட்டமும் நடந்தது. பனைகளுக்குள்ளிருந்து பிரேசிலைக் கூட்டி வந்து ஆடினோம். நாலுக்கு மூன்று நாங்கள் வென்றோம் என்று ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன். ஏழுக்கு மூன்று அவர்கள். உரிந்த கையோடு நீ தடுத்த பந்துகளே அதிகம்.

பொழுது சாய நான் வள்ளத்துக்குக் கீழே கை விட்டுத் துழாவினேன். கொடி இல்லை.

அன்று தொடங்கிய பயம், மச்சான். யார் எடுத்தது? அன்று எல்லாருடைய கண்ணும் கடலில் இருந்தது; கையில் எடுத்துப் பார்த்தால் வட்டம் வைத்து, ஓரம் மடித்துத் தைத்த துணி. அவசரத்துக்குக் கிழித்து ஏற்றிய சீலை என்று எந்தக் குருடனும் நம்பமாட்டான். யாராவது கரையில் என்னைப் பார்த்துச் சிரித்தால் அவனிடம்தான் இருக்கிறது என்று நினைப்பேன். சுவாமி பிரசங்கத்தில் பொய் என்று ஒரு சொல் சொன்னால் எனக்கு வியர்க்கும். அடுத்த வருடம் சண்டையில் ஊரை விட்டு எழும்பி, மரநிழல், பள்ளிக்கூடம், கொட்டில் என்று மாறி மாறி இந்த இரணைமடுக் குளத்துப் பக்கம் வந்து சேரும்வரை, எங்கே மூட்டை அவிழ்த்தாலும் யாருடைய மூட்டையிலிருந்து அது விழும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரம் கதையையும் நான் விடவில்லை. புதிதாகக் கண்ட எல்லாருக்கும் சொன்னேன். ஒரு நேவிப் படகு இரண்டானது, பிறகு மூன்றானது. நீ பக்கத்தில் இருந்து குளத்து மீனுக்கு வலை கட்டிக்கொண்டு கேட்பாய். கடைசியில் எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள். "ஓம். அந்தச் சிவப்பு நல்ல வடிவாத்தான் இருந்தது" என்பாய். அவ்வளவுதான். பிடிபட்ட மீனில் பெரியதை எனக்கு எடுத்து வைப்பாய்.

போன வருடம் காய்ச்சல் உன்னைப் பிடித்தது. மருந்துக் குளிசை தேடி நான் கிளிநொச்சிக்கும் அங்கிருந்து அப்பாலும் சைக்கிள் ஓடினேன்; இதில் ஒரு மைல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நான் வந்தபோது நீ கதைக்கிற நிலையில் இல்லை. சொல்ல வேண்டியதை உன் காதோரம் சொல்லக் குனிந்தேன். திரேசா நின்றாள். நிமிர்ந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, திரேசா உன் தகரப் பெட்டியைத் திறந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்துத் தந்தாள். "அண்ணை, இது உங்கட கொடியாம். தான் போனால் உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர்."

"கொடி எண்டே சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஓம். போர்த்துக்கல் கொடி எண்டு. அண்டைக்கே வள்ளத்துக்குக் கீழ கண்டு எடுத்தவராம். ஆரும் காணமுன்னம் ஒளிச்சு வைச்சவராம். ஏனெண்டு எனக்குச் சொல்லேல்லை."

அவளுக்கு நான் சொன்னேன், மச்சான். அந்த இடத்திலேயே, ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவர் கையில துணி சுத்திக்கொண்டு ஒரு மாதம் திரிஞ்சவர் அண்ணை" என்று மட்டும் சொன்னாள். அதைக் குடித்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று உனக்குத் தெரியாது.

கொடி இப்போது என் மடியில் கிடக்கிறது. வட்டத்துக்குப் பக்கத்தில் இரத்தம் காய்ந்து கறுத்த விரல் அடையாளம் நாலு இருக்கிறது. உன்னுடைய கை. அதனால் துவைக்கவில்லை.

இங்கே குளத்தில் தோணி விடுகிறவர்களுக்கு எங்கள் கரையின் வழக்கம் ஒன்றும் தெரியாது. சிவப்பைக் கண்டு ஒருவனும் திரும்பிப் போகமாட்டான். ஆனாலும் என் வேலியில் சிவப்பாக எது காய்ந்தாலும் நான் எடுத்து உள்ளே போட்டுவிடுகிறேன். என் மனிசி ஏசுகிறாள். ஏசட்டும். எடுத்துவிட்டு அணைக்கட்டில் ஏறி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வெளியே நிற்கிற தோணிகளை எண்ணுகிறேன். கடைசித் தோணி கரை ஏறும்வரை அங்கேயே நிற்கிறேன்.