வீடு மாறிய புறாக்கள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது உன் அம்மா என் தோளை ஒட்டி நிற்கிறாள், நான் வேறு மாதிரி ஏதாவது ஆரம்பித்தால் முழங்கையில் கிள்ளுகிறாள். அவள் உன்னிடம் சொன்னதில் பாதி பொய், மீதியை அவள் சொல்லவே இல்லை. இன்று கண் டாக்டரிடம் போயிருக்கிறாள், அங்கே எப்போதும் கூட்டம், அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு மாறியது உனக்குத் தெரியும், எப்படி மாறினோம் என்பதுதான் தெரியாது. பழைய கட்டடத்தின் தூண்களில் விரிசல் கண்டு, இடிக்கப்போகிறோம் என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள். குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். நமக்கு வாய்த்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தரைத்தளத்தில் ஒன்றரை அறை. அடுப்படியில் ஒருவர் நின்றால் இன்னொருவர் பின்பக்கமாக நடந்துதான் வெளியே வரவேண்டும். எதிரே மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை, நாள் முழுக்க அரைகிற சத்தம். பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு முற்றம். சாமான் ஏற்றிய அன்று பீரோ உடைந்ததா, பாத்திரம் நசுங்கியதா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் புறாக்களை அடைத்து, மடியில் ஒன்றும் காலடியில் மற்றதுமாக வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நீ பேர் வைத்த துரை, அவன் ஜோடி சாம்பலி, மற்ற எல்லாரும்தான். சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்காமல் போய் அவள் வேலையை விட்ட பிறகு அந்தக் கைகளுக்கு இருந்த வேலை இவைதான் என்பது நீ கண்ணால் பார்த்தது.

வந்தவுடன் திறந்துவிடாமல் சில வாரம் கம்பிக் கூண்டிலேயே வைத்திருந்தாள், சுற்றுவட்டத்தைப் பார்த்துப் பழகட்டும் என்று. பிறகு ஒரு நாள் மதியம் தீனி போடாமல் பசிக்கவிட்டு, சாயங்காலம் கூண்டைத் திறந்தாள். சோள டின்னைக் குலுக்கினால் எங்கே இருந்தாலும் இறங்கிவிடும் என்பது அவள் கணக்கு. மேலே எழும்பின, காயில் கடைக்கு மேல் இரண்டு வட்டம் போட்டன, யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல ரயில் பாதைப் பக்கம் போய்விட்டன. அவள் டின்னைக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். போதும் நிறுத்து, தெருவில் ஏதோ விற்க வந்திருக்கிறது என்று நினைக்கப்போகிறார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வேலைவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊர் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்து மற்றவர்களை அலுங்காமல் மேலே அனுப்புகிறவன், பழைய கட்டடத்தின் செத்துப்போன லிஃப்டைத் தாண்டி நான்கு மாடி நடந்து ஏறினேன். மொட்டைமாடியில் அவற்றின் பெட்டிகள் இருந்த இடத்தில் சிமெண்டில் வெளுத்த தடம் விழுந்திருந்தது, அந்தத் தடத்தின் மேலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன. கை வைத்தால் சாதுவாக வந்தன.

இதுவே வழக்கமாகிவிட்டது. சில நாள் அடைத்து வைப்பாள், திறப்பாள், அவை போகும், நான் ஏறுவேன். கடைசியில் புறா விற்கிறவரிடம் போய்க் கேட்டோம். அவர் சொன்னார், "பழைய புறா எடத்த மறக்காதும்மா. உள்ளயே வச்சு குஞ்சு எடுங்க, குஞ்சுக்கு இதுதான் வீடு. இல்லன்னா ஜோடியில ஒண்ணு முட்டைல உக்காந்திருக்கும்போது இன்னொண்ண மட்டும் விட்டுப் பாருங்க. திரும்பி வர அதுக்கும் ஒரு காரணம் வேணும்ல." உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆயுசு முழுக்க அடைத்து வைப்பதா, பறக்காத புறாவுக்குப் பேர் கோழி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படியானால் யாருக்காவது கொடுத்துவிடு, இனிமேல் நான் அந்தப் படி ஏறமாட்டேன் என்றேன். அன்று முதல் டீ டம்ளர் என் முன்னால் சத்தத்தோடு வந்து உட்கார ஆரம்பித்தது.

அடுத்த வாரம் ஒரு துணிக்கடை லிஃப்டின் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது. இடிக்கிற கான்ட்ராக்ட்காரர். "சார், உங்க வீட்டம்மா மொட்டமாடியில இருக்காங்க. எறங்குங்கன்னா எறங்க மாட்டேங்கறாங்க. படிக்கட்டுக் கைப்பிடிய காலைலதான் அறுத்து எடுத்தோம்" என்றார். கைப்பிடி இல்லாத படியில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் அவளை எப்படியெல்லாம் திட்டவேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டே போனேன், மேலே போனதும் திட்டுவதற்கு மூச்சு இல்லை. அவள் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முழங்கை தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது, மூன்றாவது மாடியில் விழுந்திருக்கிறாள். கூடை பக்கத்தில் இருந்தது, புறாக்களையெல்லாம் பிடித்து அடைத்துவிட்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். "நான் எறங்க மாட்டேன்னு சொல்லல. எறங்க பயமா இருக்கு. அத அந்த ஆளுகிட்ட எப்படிச் சொல்றது" என்றாள். கூடைமேல் கையை வைத்து, "அதுங்களுக்கு இங்க வரணும்னு தோணுது, வந்துடுது. எனக்கும்தான் தெனமும் தோணுது. நான் வந்தனா இத்தன நாளு" என்றாள். நான் கைக்குட்டையை எடுத்து அவள் முழங்கையில் சுற்றிக் கட்டினேன். பிறகு குழந்தைகள் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம், நடுவில் கூடை. கீழே கான்ட்ராக்ட்காரர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னை நன்றாகத் திட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வீடியோவில் முழங்கையில் கட்டைப் பார்த்து நீ கேட்டபோது கதவில் இடித்தது என்றாளே, அந்தக் கட்டு இதுதான்.

அதன் பிறகு கட்டடத்தை இடித்து இறக்கிவிட்டார்கள். சாம்பலி முட்டையிட்டாள். புறாக்காரர் சொன்னபடி சாம்பலி அடையில் இருந்தபோது துரையை மட்டும் விடுவது என்று அம்மாவே முடிவு செய்தாள், ஆனால் கூண்டுக் கதவை என்னைத் திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் நேராக ரயில் பாதைப் பக்கம் போனான். இருட்டும்வரை வரவில்லை. மறுநாள் காலையில் நான் பல் தேய்க்க முற்றத்துக்கு வந்தால், வாடகைக்கு இடம் பார்க்க வந்தவன்போல தண்ணீர்த்தொட்டி மூடியில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறான். இளைத்திருந்தான், வாலில் ஓர் இறகு இல்லை. நான் அசையவில்லை, வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். தானாக இறங்கிக் கூண்டுக்குள் போய் சாம்பலியை எழுப்பிவிட்டு முட்டையில் உட்கார்ந்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வந்துட்டானா" என்றாள், அவ்வளவுதான், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள். மற்றவற்றையும் பிறகு ஒவ்வொன்றாக விட்டோம். பெரும்பாலும் வந்துவிட்டன. உச்சிக்கொண்டைக்காரியும் அவள் ஜோடியும் வரவில்லை. இடித்த இடத்தைச் சுற்றிப் போட்ட தகர வேலிக்கு வெளியே நான் இரண்டு தரம் போய் நின்று பார்த்தேன், வானத்தில் தூசிதான் இருந்தது. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அவற்றின் பெட்டிக் கதவை மட்டும் ராத்திரி சாத்துவதில்லை. நான் சாத்தப்போனேன், இருக்கட்டும் என்றாள்.

சாம்பலியின் குஞ்சுகள் இப்போது குளியலறைத் தகரம்வரை பறக்கின்றன. அவற்றுக்கு வேறு எந்த இடமும் தெரியாது. எனக்கு அலுப்பாக இருக்கிறது மகளே, பொய் சொல்வானேன். வேலையிலிருந்து வந்தால் இன்னும் யாரோ என்னை எங்கேயோ ஏறச் சொல்லப்போகிறார்கள் என்றே கால் நினைக்கிறது. நீ அம்மாவைக் கடிந்துகொள்ளாதே, இது எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் கேள், கொஞ்ச நேரம் பேசட்டும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்காதே. கோபம் வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

நீ நினைத்தது நடந்து நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்று மறவாதே. லீவுக்கு வரும்போது பழக்கத்தில் டிரைவரிடம் பழைய தெருப் பெயரைச் சொல்லிவிடாதே, அங்கே யாரும் இல்லை. புது முகவரியை உறையின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். எந்த நேரமானாலும் கதவைத் தட்டு.

இப்படிக்கு,
படி ஏறி அலுத்த உன் அப்பா