ஃப்ரீசருக்குச் சந்தனப் பொட்டு

17-10-96, வியாழன்

கடைசி எலிக்குட்டியின் குடலும் ஃப்ரீசருக்குள் போய்விட்டது. ஏழு மாத வேலை. குட்டி பால்குடி மறந்ததும் பாலைச் செரிக்கும் லாக்டேஸ் அதன் குடலில் குறைகிறது. பாலை நிறுத்தாமல் கொடுத்தால்? லாக்டேஸ் ஜீன் அணையாது என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார் என் வழிகாட்டி குற்றாலலிங்கம் சார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நாளை ஆய்வகத்தில் பூசை. விடுமுறை முடிந்து அளக்க வேண்டும்.

22-10-96, செவ்வாய்

கதவைத் திறந்ததுமே நாற்றம். ஃப்ரீசர் கதவில் சந்தனம், குங்குமம். உள்ளே எல்லாம் உருகிக் கிடக்கிறது. ஆயுத பூசைக்குக் கருவிகள் ஓய்வெடுக்க வேண்டுமாம் - மெயின் சுவிட்சையே அணைத்திருக்கிறார்கள். ஜீன் வேலை செய்வதை அதன் ஆர்.என்.ஏ.வை வைத்துத்தான் அளக்க முடியும். ஒரு ராத்திரி வெளியில் கிடந்தாலே அது சிதைந்துவிடும்.

அறை பெருக்கும் சுடலைவடிவு அக்கா அழுதாள். "சார்தான் அணைச்சிரச் சொன்னாவ, தாயி." சாரோ எல்லார் முன்னாலும் அவளையே ஏசுகிறார். "நீங்கதான சார் சொன்னீங்க?" என்றேன். முறைத்தார். முறைக்கட்டும்.

24-10-96

சார் கூப்பிட்டார். "எப்படி வரும்னு தெரியும்லா, வேணி. அந்த எண்ணைப் போட்டு முடி. மார்ச்சோட உதவித்தொகை நின்னிரும், பாத்துக்க."

அளக்காததை எப்படி எழுத? முடியாது என்றேன். "நீ எதுக்கு இம்புட்டு கோவப்படுதே?" என்கிறார். கோவப்படாம என்ன செய்ய, கொஞ்சவா?

25-10-96

அம்மாவும் ஏசுகிறாள். "பெரியவுக சொன்னா கேக்கணும்லா." யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

10-11-96, தீபாவளி

புது எலிகளோடு மறுபடியும் முதலிலிருந்து. எலிக்கூண்டு கழுவினேன். தாய் எலி விரலைக் கடித்துவிட்டது. எனக்கும் யாரையாவது கடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

2-4-97

உதவித்தொகை நின்றுவிட்டது. சாயங்காலம் டியூஷன். பகலில் எலிகள்.

9-6-97, திங்கள்

ஆர்.என்.ஏ. அளவைக் கருப்புப் பட்டைகளாகக் காட்டும் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவியாயிற்று. பால்குடி மறந்த குட்டிக்கு ஆர்.என்.ஏ. பட்டை மங்கல். பாலை நிறுத்தாமல் கொடுத்த குட்டிக்கும் அதே மங்கல்தான். பால் இருந்தாலும் வயது வந்ததும் ஜீன் அடங்கிவிடுகிறது. சார் நினைத்தது தப்பு. நான் நினைத்ததும் தப்பு. அன்றைக்கு அவர் சொன்ன எண்ணை எழுதியிருந்தால் அச்சில் ஏறியிருக்கும் பொய்.

சார் ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"இன்னொரு தடவ செஞ்சு பாத்திரு."

"மூணு தடவ செஞ்சாச்சு சார்."

ஃபிலிமை மேசைமேல் வைத்தார். பிறகு பைய, "அப்போ என் பழைய கட்டுரையும் தப்புதான்" என்றார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஆத்திரம் அப்படியேதான் இருக்கிறது. இதுவரை அவர் முன்னால் நின்றுதான் பேசியிருக்கிறேன். இன்று அவர் சொல்லாமலே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.